முப்பத்து மூன்று நாள் பாக்கி

எங்கள் வீட்டு அதிகாரம் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும்தான். ஆனால் கார்டு ஒன்றே ஒன்று. அந்தக் கார்டு கூட்டுக்குள் இருக்கும். கூடு யாருடைய பைக்குள் இருக்கிறதோ அவர்தான் அந்த மாதத்து நிதியமைச்சர். ஒற்றைப்படை மாதங்கள் என் கணவருக்கு, இரட்டைப்படை மாதங்கள் எனக்கு. ஒன்றாம் தேதி காலையில் கூடு கைமாறும். சமையலறைக் காலண்டரில் அவருடைய மாதத்தின் தலையில் நீலக் கோடு, என்னுடையதில் சிவப்புக் கோடு.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாங்கள் இருவரும் வளர்ந்த வீடுகளைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டார்கள்.

என் பிறந்த வீட்டில் அப்பாவின் சம்பளக் கவர் பிரிக்கப்படாமல் அம்மா கைக்கு வரும். அதிலிருந்து பஸ் காசும் டீக் காசும் எண்ணி அப்பாவிடம் தருவார் அம்மா. கூடிய தொகையை ஆபீஸிலேயே தனியாக வாங்கிக்கொண்டு, சம்பளம் கூடிய விஷயத்தை அப்பா ஒன்றரை வருடம் மறைத்து வைத்திருந்தார். துவைக்கப்போட்ட சாக்ஸுக்குள் நோட்டு அகப்பட்டபோது அழுதது அம்மா இல்லை, அப்பா. என் கணவர் வீட்டில் இதற்குத் தலைகீழ். மாமனாரின் சட்டைப்பைதான் வங்கி. எண்ணெய் வாங்கவும் மாமியார் அந்தச் சட்டைப்பைக்கு முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டும்.

"எங்கப்பா மாதிரி நான் இருக்க மாட்டேன்" என்று கல்யாணத்துக்கு முன்பே அவர் சொன்னார்.

"நானும் எங்கம்மா மாதிரி இருக்க மாட்டேன்" என்றேன்.

"அப்போ பணத்தை யாரு பாக்கறது? பக்கத்து வீட்டுக்காரரா?"

பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டூட்டி பிரித்துப்போடும் வேலை அவருக்கு. எதையும் ஷிஃப்டாகப் பிரித்துவிட்டால்தான் அவர் மனம் ஓர் இடத்தில் உட்காரும். கல்யாணமான அடுத்த ஜனவரியில் இரண்டு துண்டுத் தாளை மடித்துப் போட்டோம். முதல் மாதம் அவருக்கு விழுந்தது. அன்று ஆரம்பித்த முறை, பன்னிரண்டு வருடம் முழுசாக ஓடிப் பதிமூன்றாவது வருடத்தில் நிற்கிறது.

இந்த முறைக்கு ஒரு துணை விதி உண்டு. கூடு கையில் இல்லாதவர், தனக்கு வேண்டியதை அந்த மாதத்தில் ஒரே ஒரு தடவை கேட்கலாம். கூடு வைத்திருப்பவர் சொல்வதுதான் முடிவு. இரண்டாவது தடவை கேட்டால் அது நச்சரிப்பு. முதல் வருடம், என் பிப்ரவரியில், ஒரு ஜோடி ஷூவுக்காக அவர் பதினோரு நாள் என் பின்னாலேயே சுற்றியதால் வந்த விதி இது. கொண்டுவந்தது நான்தான். அதுவே ஒருநாள் என் வாயைக் கட்டிப்போடும் என்று அப்போது தோன்றவில்லை.

நான் பல்செட் செய்கிறவள். செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், இரண்டே அறை கொண்ட லேப். பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக உட்கார வைத்து, கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்குவது வரை என் கை. பல்லை ரொம்ப நேராக வைத்தால் பொய்ப் பல் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். ஒன்றைக் கொஞ்சம் திருப்பி, ஒன்றைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்க வேண்டும். ஒரு முறை ஒரு பெரியவர், முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பழைய பல்லில் இருந்ததாம். அது இல்லாமல் வீட்டுக்குப் போனால் மனைவி கதவைத் திறக்க மாட்டாளாம். அரை நாள் உட்கார்ந்து அந்த இடைவெளியைச் சரியாக வைத்தேன்.

என்னோடு இன்னும் இரண்டு பேர். பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டும் ஒருவர், அவரைப் பீங்கான் சார் என்போம்; கடல் தாண்டி வந்தவர். அச்சுகளை வாங்கி வந்து, முடிந்த செட்டுகளைக் கொண்டு போகும் டெலிவரி அக்கா. மதியச் சாப்பாட்டின்போது எங்கள் கண்ணாடிக் கூடு அவர்களுக்கு ஊறுகாய் மாதிரி.

"எங்க ஊர்ல சம்பளம் மொத்தமும் வீட்டம்மா கைக்குத்தான் போகும். அவங்களா பாத்துக் கைச்செலவுக்குக் குடுப்பாங்க" என்பார் பீங்கான் சார். "எனக்கு ஒரு கவலையும் இல்ல."

"கவலையும் இல்ல, காசும் இல்ல" என்பார் டெலிவரி அக்கா. "என் வீட்ல அவர் கணக்கு தனி, என் கணக்கு தனி. வாடகை, கரண்ட்டுக்கு மட்டும் நடுவுல ஒண்ணு. அந்த நடுவுல இருக்கறதுதான் எப்பவும் பட்டினி கிடக்கும்."

"உங்களுக்கு மாசம் மாறினா ஆட்சி மாறும். எங்களுக்கு ஆட்சியே மாறாது" என்று பீங்கான் சார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஜூலை பதினெட்டாம் தேதி முதலாளியம்மா எங்கள் மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மகளோடு போய் இருக்கப்போகிறாராம். லேபை விற்கிறார். நகரத்தில் பெரிய கம்பெனி ஒன்று டாக்டர்களின் பட்டியலோடு சேர்த்து வாங்கத் தயாராக இருக்கிறது.

"ஆனா உனக்குத்தான் முதல்ல கேக்கணும்னு தோணிச்சு" என்று என் பக்கம் திரும்பினார். "முன்பணம் குடு, மீதியை ரெண்டு வருஷத்துல கட்டு. முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். ஒண்ணாம் தேதி காலைல எட்டு மணிக்கு அவங்க வண்டியோட வர்றாங்க."

"ஒரு நாள் தள்ளி, ஒண்ணாம் தேதி காலைல தந்தா?"

"முடியாதும்மா. நான் போற வீட்டுக்கு அன்னிக்குப் பணம் கட்டியாகணும். உன்கிட்டேருந்து வரலைன்னா அவங்ககிட்டேருந்து வந்தே ஆகணும்."

அந்தக் கம்பெனியை எனக்குத் தெரியும். ஒரு பெரிய கூடத்தில் நாற்பது பேர். ஒருவர் நாள் முழுக்கப் பிளாஸ்டர் ஊற்றுவார், ஒருவர் நாள் முழுக்கத் தேய்ப்பார். யார் வாய்க்குப் போகும் பல் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு வயது நாற்பத்தொன்று. இன்னும் இருபது வருடம் தேய்த்துக்கொண்டே இருப்பது என்றால் நினைக்கவே கை வலித்தது.

முன்பணத்துக்கான தொகை எங்கள் சேமிப்பில் இருந்தது. வீடு வாங்குவதற்காகச் சேர்த்தது. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போகும். ஆனால் ஜூலையின் தலையில் நீலக் கோடு. எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி.

அதை நல்ல நேரம் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை, டிப்போவுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் ஒரு காலில் சாக்ஸோடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, அடக்க முடியாமல் கொட்டிவிட்டேன்.

"என்னங்க, முதலாளியம்மா லேபை விக்கறாங்க. நான் வாங்கணும். சேமிப்புலேருந்து பாதி எடுத்தா முன்பணம் ஆயிடும்."

கட்டிலுக்கு அடியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. சாக்ஸை உதறினார்.

"இந்த மாசம் வேண்டாம்மா" என்றார். காலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவ்வளவுதான். என் கேள்வி காலி.

ஏன் மறுபடி கேட்கவில்லை என்று டெலிவரி அக்கா என்னைத் திட்டித் தீர்த்தார். "விதியாம், துணை விதியாம். ரெண்டு பேரும் வீடு நடத்தறீங்களா, கோர்ட் நடத்தறீங்களா?" அவருக்குப் புரியாது. பன்னிரண்டு வருடத்தில் பணத்துக்காக எங்களுக்குள் ஒரு பாத்திரம்கூட உருண்டதில்லை. என் கணவர் ஒரு தடவையும் என் முடிவுக்கு மேல் பேசியதில்லை. கைப்பிடி போன சூட்கேஸை மாற்ற மாட்டேன் என்று நான் சொன்னதற்காக ஆறு மாதம் அதற்குக் கயிறு கட்டித் தூக்கியவர். அப்படிப்பட்டவரிடம் எனக்கு வேண்டியபோது மட்டும் விதியை மீறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முப்பதாம் தேதி காலை அவர் குளிக்கும்போது, அவர் பையிலிருந்து கூட்டை எடுத்துத் திறந்து பார்த்தேன். கார்டின் ரகசிய எண் எனக்கும் மனப்பாடம். கார்டை விரலால் தொட்டேன். அப்பாவின் சாக்ஸ் ஞாபகம் வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி. காலையிலிருந்து என் கை ஓடவில்லை. முதலாளியம்மா உள்ளறையில் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மெழுகைச் சூடாக்குவதும் ஆறவிடுவதுமாக இருந்தேன்.

"இந்தப் பாழாப்போன மாசம் முப்பதோட முடிஞ்சிருக்கக் கூடாதா?" என்றேன். "இன்னிக்கு என் நாளா இருந்திருக்கும்."

"அது எப்படி முடியும்? முட்டியில விழற மாசம்" என்றார் டெலிவரி அக்கா. கையை மடக்கிக் காட்டினார். "முட்டிக்கு முப்பத்தொண்ணு, பள்ளத்துக்கு முப்பது. ஜனவரி முட்டி, பிப்ரவரி பள்ளம், மார்ச் முட்டி..." சுண்டுவிரல் முட்டியில் வந்து நிறுத்தினார். "ஜூலை. முப்பத்தொண்ணுதான். மறுபடி முதல்லேருந்து, ஆகஸ்டும் முட்டி."

நானும் கையை மடக்கினேன். ஜனவரி, மார்ச், மே, ஜூலை. நான்கு முட்டி. நான்கும் அவருடையவை. எனக்கு வந்தவை பள்ளங்கள். அதிலும் ஒன்று பிப்ரவரி என்னும் குழி.

வேலைச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கூட்டினேன். பிறகு வரும் மாதங்களில் எனக்கும் மூன்று முட்டி இருந்தது. இருந்தும் வருடத்துக்கு அவருக்கு நூற்று எண்பத்து நான்கு நாள், எனக்கு நூற்று எண்பத்தொன்று. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். பீங்கான் சாரைக் கூட்டச் சொன்னேன்.

"மூணு நாள் வித்தியாசம்" என்றார் அவர். "வருஷா வருஷமா?"

"பன்னிரண்டு வருஷமா" என்று சொல்லிவிட்டு, சீட்டின் அடியில் முப்பத்தாறு என்று எழுதி ஏப்ரனைக் கழற்றினேன்.

டிப்போவில் டூட்டி அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. டிரைவர்கள் தங்கள் குறையைச் சொல்ல அதன்முன் வரிசையில் நிற்பார்கள். என் கணவரை அங்கே டைம்டேபிள் சார் என்பார்கள். யாருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக விழுந்துவிட்டால், அடுத்த மாதம் அதை ஈடுகட்டும்வரை இவருக்குச் சோறு இறங்காது. மணி இரண்டு பத்துக்கு நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பெரிய மீசை வைத்த டிரைவர். அவர் முடித்து நகர்ந்ததும் ஜன்னலில் என் முகம்.

"நீ இங்க என்ன பண்றே? யாருக்கு என்ன?" என்று பதறி எழுந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு டூட்டிப் புகார்."

"என்னது?"

"ஒரே வேலையை ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பாக்கறாங்க. ஒருத்தருக்கு வருஷத்துக்கு நூத்து எண்பத்து நாலு நாள். இன்னொருத்தருக்கு நூத்து எண்பத்தொண்ணு. பன்னிரண்டு வருஷமா இப்படியே போட்டுட்டு வர்றாங்க. இது சரியா?"

மீசை டிரைவர் போகாமல் நின்றுவிட்டார். "அதெப்படிச் சரியாகும்? எந்த ரூட்டும்மா? யாரு அப்படி டூட்டி போட்டது? அந்த ஆளை விடக்கூடாது!"

"அந்த ஆளுதான் உள்ள உக்காந்திருக்காரு" என்று வேலைச் சீட்டை ஜன்னல் வழியாகத் தள்ளினேன்.

அவர் படித்தார். பென்சிலை எடுத்தார். அவர் உதடு அசைவதை வைத்தே எந்த மாதத்தில் இருக்கிறார் என்று என்னால் சொல்ல முடிந்தது. காது சிவந்தது. நாலு டிப்போ தள்ளி இருக்கும் டிரைவரின் அரை மணி நேரக் குறையைக்கூடக் கண்டுபிடிக்கிறவர், தன் சமையலறைக் காலண்டரை ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

"முப்பத்தாறுன்னு போட்டிருக்கே" என்றார் கடைசியில். "லீப் வருஷம் மூணு வந்திருக்கு. அப்பல்லாம் உன் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது. முப்பத்து மூணுதான் வரும்."

"அப்போ பாக்கி இருக்குன்னு சார் ஒத்துக்கறாரு!" என்றார் மீசை டிரைவர்.

"உமக்கு மூணே காலுக்கு வண்டி எடுக்கணும்" என்றார் இவர்.

"எடுக்கறேன் சார். தீர்ப்பைக் கேட்டுட்டு எடுக்கறேன்."

இவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். டீ மெஷின் இருக்கும் மூலைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"எதுக்கு இப்ப இந்தக் கணக்கு?"

"முப்பத்து மூணுல இன்னிக்கு ஒரு நாளை எனக்குக் குடுங்க. அஞ்சு மணியோட லேப் கை மாறிடும். நாளைக்கு என் மாசம் வர்றதுக்குள்ள அவங்க வண்டி வந்து நிக்கும்."

அவர் முகம் மாறியது. "இன்னிக்குத்தான் கடைசின்னு நீ சொல்லவே இல்லையே?"

"எப்படிச் சொல்றது? ஒரு தடவைதான் கேக்கலாம். நீங்க அதைச் சாக்ஸோட சேத்து மாட்டிட்டுப் போயிட்டீங்க."

"நான் இந்த மாசம் வேண்டாம்னுதானே சொன்னேன்? வேண்டவே வேண்டாம்னா சொன்னேன்?" மெஷினிலிருந்து ஒரு காலிக் கப்பை எடுத்துக் கையில் வைத்து நசுக்கினார். "ஆகஸ்ட் உன் மாசம். நீயே எடுத்துக்குவேன்னு நினைச்சேன். என் கையால நடக்க வேண்டாம்னு பாத்தேன்."

"ஏன், என் கை மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"உன் கை மேல நம்பிக்கைதான். என்னுது மேலதான் இல்ல." நசுங்கிய கப்பைக் குப்பைக்கூடையில் போட்டார். "எங்கப்பா வீட்டுப் பணத்தை எடுத்துத்தான் ஒரு அச்சு பிரஸ்ல பங்கு போட்டாரு. அம்மாவுக்கு எப்பத் தெரியும் தெரியுமா? ஒரு ஆள் டேப்போட வந்து எங்க ஜன்னலை அளந்தான். எதுக்குன்னு கேட்டாங்க. வீட்டை வாங்கியிருக்கேன், திரைச்சீலைக்கு அளக்கறேன்னான். நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன்."

பிரஸ் நஷ்டமானது எனக்குத் தெரியும். ஜன்னல் அளந்த ஆளை இத்தனை வருடத்தில் அவர் சொன்னதில்லை.

"உங்கப்பா கேக்கலை" என்றேன். "நான் கேட்டேன்ல?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் கை விட்டுக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். ஓரம் தேய்ந்த கூடு. அதை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடினார்.

"இன்னிக்கு உன் நாள். கணக்குப்படி."

"கணக்குப்படி மட்டும்தானா?"

"டிப்போவுல வெச்சு வேற எப்படிச் சொல்லச் சொல்றே?" என்றார். ஜன்னலருகே மீசை இன்னும் தெரிந்தது. "சரி, கூடு உன்கிட்ட இருக்கு. எனக்கு ஒரு கேள்வி உண்டு இல்ல?"

"ஒண்ணே ஒண்ணு. பாத்துக் கேளுங்க."

"ஏதாவது ஒரு மாசம் கையைக் கடிச்சா எனக்குத்தான் முதல்ல சொல்லணும். டாக்டருங்க பணம் தராம இழுத்தாலும் சொல்லணும், தவணை நின்னாலும் சொல்லணும். ஆள் வந்து அளந்து எனக்குத் தெரியக்கூடாது."

"சொல்றேன்" என்றேன். "உங்க கேள்வியும் காலி."

வங்கியில் எனக்கு முன்னால் ஏழு பேர். நாலு இருபதுக்குப் பணம் முதலாளியம்மா கணக்குக்குப் போனது. நான் படியேறி வந்தபோது அவர் கம்பெனிக்குப் போன் போட்டு, வண்டி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாவிக் கொத்தை மேசைமேல் வைத்தார். பிளாஸ்டர் தொட்டி அடைத்துக்கொண்டால் எந்தக் குழாயைக் கழற்ற வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். கண் கலங்கியிருந்தது, பிளாஸ்டர் தூசி என்றார். பீங்கான் சார் என்னை ஒரு தடவை முதலாளியம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தார். டெலிவரி அக்கா, "அப்போ என் சம்பளம் எப்ப கூடும்?" என்றார். அவரவர் கவலை அவரவர்க்கு.

மறுநாள் ஆகஸ்ட் ஒன்று. கூடு ஏற்கெனவே என்னிடம் இருந்ததால் கைமாற ஒன்றுமில்லை. ஆனால் காலையில் சமையலறைக்குப் போனால் காலண்டர் ஆணியில் ஒரு புதுத் தாள் தொங்கியது. டிப்போவில் டூட்டி எழுதும் கட்டம் போட்ட தாள். முதலில் ஜூலை முப்பத்தொன்றுக்குச் சிவப்புக் கட்டம். பிறகு ஆகஸ்டு முழுக்கச் சிவப்பு, அதற்குமேல் என் மீதி முப்பத்திரண்டு நாளும் சிவப்பு. அதன் பிறகு நீலமும் சிவப்பும் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை மாறி மாறிப் போயின. முட்டியும் இல்லை, பள்ளமும் இல்லை. அடியில் அவருடைய சின்ன எழுத்தில் துணை விதி. 'ஒரு தடவை கேட்கலாம்' என்பதை அடித்துவிட்டு, 'மூன்று தடவை கேட்கலாம். கேட்பவர் கடைசித் தேதியையும் சொல்ல வேண்டும். கேட்கப்படுபவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தது.

அவர் சாக்ஸ் போட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டும் கையில் தயாராக இருந்தன.

"அந்தப் பளபளப்பு போடற மெஷின் ரொம்பப் பழசு இல்ல?" என்றார் தலை நிமிராமல். "மாத்தணும்னா பணம் நிறைய ஆகுமோ?"

"இது கேள்வியா?"

"சேச்சே. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"கேள்விதான்" என்று சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். "இன்னும் ரெண்டு இருக்கு உங்களுக்கு. அக்டோபர் வரைக்கும் வெச்சுக்கணும், பாத்துச் செலவு பண்ணுங்க."